கொசுறுக்கு ஒரு கார்டு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மழை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் யாரோ உங்கள் கடைக்குக் கால் கிலோ துவரம்பருப்பு கேட்டு வந்துவிட்டார்கள். "இரு, வரேன்" என்று போனவர் வரவே இல்லை. பருப்பு போட்டு முடித்திருப்பீர்கள் என்று நம்பி இப்போது எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இதுதான்: "அங்கல்லாம் கடையில கொசுறு உண்டாடா?"

உண்டு சித்தப்பா. ஆனால் அதற்கு ஒரு கார்டு வேண்டும், ஒரு செல்போன் வேண்டும், கணக்கில் கெட்டியான பெண்டாட்டி வேண்டும்.

சர்க்கரை வாங்க வந்த பிள்ளையின் கையில் நீங்கள் நாலு பொட்டுக்கடலையைப் போடுகிறீர்கள். அதற்குக் கணக்கு கிடையாது. இங்கே டெஸ்கோ கடையில் ஒரு பவுண்டுக்கு வாங்கினால் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பென்னி, அதாவது நூற்றுக்கு ஒன்று. 150 புள்ளி சேர்ந்த பிறகு ஒன்றரை பவுண்டுக்கு ஒரு சீட்டு தருவார்கள். நம் பணத்தில் சொன்னால், பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் மளிகை வாங்கியவருக்கு நூற்றைம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. செய்யூர் கடைத்தெருவில் இதை அறிவித்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? இங்கே சாவிக்கொத்திலேயே அந்தக் கார்டைக் கோத்துக்கொண்டு திரிகிறோம். அதே சீட்டைக் கடையில் மாற்றாமல், அவர்களோடு கூட்டு வைத்திருக்கும் ஓட்டல்களில் நீட்டினால் இரட்டை மதிப்பு. 2023 வரை மூன்று மடங்காக இருந்தது. இரண்டாகக் குறைத்தபோது ஆபீசில் சாப்பாட்டு வேளையில் வேறு பேச்சே இல்லை. சம்பள உயர்வு இல்லை என்றபோதுகூட இவ்வளவு ஆவேசம் வரவில்லை.

செயின்ஸ்பரீஸ் கடைக்கு நெக்டர் என்று தனிக் கார்டு. அங்கே ஒரு புள்ளி அரைப் பென்னிதான். 500 சேர்த்தால் இரண்டரை பவுண்டு. ஓட்டைக் காலணாவெல்லாம் போய்விட்டது என்று தாத்தா வருத்தப்பட்டாரே, இங்கே பத்திரமாக இருக்கிறது.

இப்போது புள்ளியைவிடப் பெரிய சமாச்சாரம் கார்டு விலை. டெஸ்கோ 2019-ல் தொடங்கியது, பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே காப்பிப்பொடிக்கு அலமாரியில் இரண்டு விலை ஒட்டியிருக்கும். கார்டு வைத்திருப்பவனுக்கு ஒன்று, மறந்து வந்தவனுக்கு ஒன்று. விலையை ஏற்றிவிட்டுக் குறைத்துக் காட்டுகிறார்களோ என்று இந்த ஊரில் சந்தேகம் வந்துவிட்டது. ஆடித் தள்ளுபடியில் வளர்ந்த நமக்கு அது பால்குடி சந்தேகம்! வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு ஒன்று இங்கே இருக்கிறது. அவர்கள் ஏறக்குறைய 50,000 பொருள்களின் விலையைப் புரட்டிப் பார்த்து 2024 நவம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். நூற்றுக்கு 92 பொருள்களில் வழக்கமான விலையைவிட உண்மையிலேயே மலிவுதானாம். ஆனால் அதே பொருள் வேறு கடையில் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம், நாலு கடை ஏறி இறங்குங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொல்ல அறிக்கை எதற்கு? மதுராந்தகம் கடைவீதியில் புடவை எடுக்கும் சித்தியைக் கேட்டால் போதாதா?

நான் கவிழ்ந்தது இதிலெல்லாம் இல்லை. போனஸ் சலுகையில்.

நம் செய்யூர்க் கந்தசாமி கோயிலில் நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 வேதாளம் நிற்கிறதே, அதுபோல இங்கே ஆளுக்கு ஒரு சலுகை. செல்போனில் வாரா வாரம் வரும். எனக்கு வருவது என் மனைவிக்கு வராது. ஒரு கடை (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் பால் வாங்குகிறேன்) 40 பவுண்டுக்கு வாங்கினால் 500 புள்ளி கூடுதல் என்று ஆசை காட்டியது. என் கூடையில் 36 பவுண்டு 80 பென்னிக்கு இருந்தது. இரண்டரை பவுண்டு லாபத்தை விடுவதா? மூன்றே முக்கால் பவுண்டுக்கு ஒரு ஜாடி ஊறவைத்த ஆலிவ் காயை எடுத்துப் போட்டேன். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தின்பதில்லை. மாவடு மாதிரி இருக்கிறதே என்று மோர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு பார்த்தேன். வேண்டாம் சித்தப்பா, அந்த நினைப்பே வேண்டாம். மனைவி ரசீதைப் படித்துவிட்டு, "இரண்டரை பவுண்டு சம்பாதிக்க மூன்றே முக்கால் செலவு. நாளைக்கும் போயிட்டு வாங்க, சீக்கிரம் பணக்காரர் ஆயிடலாம்" என்றாள்.

இன்னொரு கூத்து கேளுங்கள். எதிர்வீட்டு ஆங்கிலேயப் பாட்டிக்குச் சளி பிடித்திருந்தபோது அவர் பூனைக்கு ஒரு டப்பா தீனி வாங்கிக் கொடுத்தேன். பழக்கதோஷம், என் கார்டைத் தேய்த்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது என்று கடை முடிவு கட்டிவிட்டது. வாராவாரம் பூனைத் தீனிக்குப் போனஸ் புள்ளி. முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது மாதம் மும்மடங்குப் புள்ளி என்றார்கள். வேதாளம் முருங்கைமரம் ஏறிவிட்டது. கட்டிலுக்கடியில் இப்போது 24 டப்பா.

அந்தப் பாட்டியிடம் இதைச் சொன்னேன், சிரித்தார். இது ஒன்றும் புதிதில்லையாம். 1958-ல் ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் என்பவர் கிரீன் ஷீல்டு ஸ்டாம்ப் என்று ஒன்று கொண்டுவந்தார். சாமான் வாங்கினால் கடையில் பச்சை ஸ்டாம்ப் தருவார்கள், அதை நோட்டில் ஒட்டிச் சேர்த்தால் கெட்டிலோ கடிகாரமோ வாங்கலாம். பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் ஸ்டாம்பை நக்கி ஒட்டுவது அவர் வேலை. அந்தப் பசையின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறதாம். டெஸ்கோவும் அந்த ஸ்டாம்ப் கொடுத்துக்கொண்டிருந்த கடைதான். 1977-ல் அதைக் கைவிட்டு விலையைக் குறைத்தார்கள். 18 வருஷம் கழித்து, 1995-ல், கார்டாக அதே கொசுறு திரும்பி வந்தது. டாம்ப்கின்ஸோ பரிசுப் பொருள் கொடுத்த தம் கடைகளையே 1973-ல் ஆர்கோஸ் என்று மாற்றினார். அதை 2016-ல் செயின்ஸ்பரீஸ் வாங்கியது. ஆக, இன்று நெக்டர் புள்ளியைக் கொடுத்து ஆர்கோஸில் கெட்டில் வாங்கலாம். நக்கி ஒட்டும் வேலை ஒன்றுதான் இப்போது இல்லை.

டெஸ்கோ கார்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்துச் சொன்னவர்கள் எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற புருஷன் பெண்டாட்டி. சோதனை ஓட்டத்தின் முடிவை அவர்கள் விளக்கியபோது, முப்பது வருஷத்தில் எனக்குத் தெரியாததை மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டீர்களே, அதுதான் பயமாக இருக்கிறது என்று கம்பெனித் தலைவரே சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. இரண்டு கிலோ ரவை போனால் எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சர்க்கரை பாதியானால் யார் டாக்டரிடம் போய்வந்தார் என்று தெரியும். ஆனால் நீங்கள் அதை வைத்துக்கொண்டு அவருக்கு மைசூர்பாகு சலுகை அனுப்பியதில்லை. "போதும்யா, உடம்பைப் பாரு" என்று பொட்டலத்தைத் திரும்ப வாங்கி வைத்ததைத்தான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் நாம்தான் முன்னோடி. இங்கே சில கம்பெனிகளில் சிநேகிதனைச் சேர்த்துவிட்டால் நமக்கும் அவனுக்கும் போனஸ். நான் வாங்கிவிட்டேன், வழி சொல்கிறேன், நீயும் போய் வாங்கிக்கொள் என்பதுதானே ஆற்றுப்படை? சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் நம் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். வள்ளல் நல்லியக்கோடனிடம் போ என்று 269 அடியில் வழி சொன்னார். அவர் பேரில் எத்தனை புள்ளி ஏறியிருக்க வேண்டும்!

அடிபட்டுக் கொஞ்சம் தேறியும் இருக்கிறேன். வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போகிறேன், பட்டியலில் இருக்கும் பொருளுக்குச் சலுகை வந்தால் மட்டும் போனில் அழுத்துகிறேன். விலைச்சீட்டின் மூலையில் 100 கிராம் என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கிறேன். பெரிய டப்பா சில சமயம் சின்னதைவிட விலை கூடுதல். சாயங்காலம் நாள் கடக்கப்போகும் ரொட்டிக்கு விலையைக் குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். அங்கே மட்டும் கூச்சப்படாமல் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறேன். மதுராந்தகம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த அனுபவம் வீண்போகவில்லை.

மனைவி கணக்குப் பார்த்ததில் இந்த வருஷம் புள்ளியில் வந்தது 31 பவுண்டு. ஆலிவ், பூனைத் தீனி, இரண்டு தடவை வீணாய்ப் போன பஸ் காசு எல்லாம் கழித்தால் மூன்று பவுண்டுக்குச் சொச்சம். அதை எடுத்துக்கொண்டு நேற்று ஹை ஸ்ட்ரீட்டில் இருக்கும் நம்மவர் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கினேன். ஆமாம், காசு கொடுத்து. ஒரு கைப்பிடிகூட இருக்காது. ரசீதைப் பார்த்து முறைத்தேனோ என்னவோ, கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து நாலு கொத்தமல்லித் தழையைப் பைக்குள் திணித்தார். கார்டு கேட்கவில்லை.

சித்திக்கு என் நமஸ்காரம். உங்கள் கணக்கு நோட்டில் என் காலேஜ் நாள் பாக்கி இன்னும் இருக்கும். அதற்குப் புள்ளி ஏதும் தேறுமா என்று பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: கடிதத்தை மூடும் நேரத்தில் எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம், அங்கே பூனைக்கு அனுமதி இல்லையாம். நாங்கள் வைத்துக்கொள்கிறோமா என்று கேட்கிறார். மனைவி ஒன்றும் சொல்லாமல் குனிந்து கட்டிலுக்கடியில் பார்க்கிறாள்.