மருமோனும் அரைப்பந்தும்

வாரும் மருமோன், உந்தக் கதிரையில இரும். முதல் மூச்சு அடங்கட்டும். விறாந்தையில தொம் தொம் எண்டு சத்தம் கேட்டு, தேங்காய் விழுகுதாக்கும் எண்டு உம்மட மாமி கடகத்தோட கோடிக்குள்ள ஓடினவ. விழுந்தது தேங்காயில்லை எண்டு எனக்குத் தெரியும். சொல்லேல்லை. மருமோன்ர மரியாதை முக்கியமெல்லே.

ரொறன்ரோவில இருந்து உம்மட தமையன் அனுப்பின சாமான் எண்டா லேசே. பெட்டியைப் பிரிச்ச அண்டைக்கு, சாமியறைக்கு ஏதோ பீடம் வந்திருக்கு எண்டுதான் நான் நினைச்சன். நல்லகாலம், பூ வைக்க முந்திப் பிள்ளை வந்து விளங்கப்படுத்தினவள். 1963 இல இத்தாலிக்காரர் ஒருவர் உடற்பயிற்சிக்கு இருக்கிற பெரிய முழுப்பந்தைச் செய்தவராம். பேந்து 1999 இல அமெரிக்காவில டேவிட் வெக் எண்டவர் பாதிப்பந்தைத் தட்டில பூட்டி, போசு எண்டு பேரும் வைச்சவராம். முழுப்பந்து உருளும். இது உருளாது, ஆனால் ஆடும். ஆட்டத்துக்குக் காசு குடுக்கிற காலம் வந்திட்டுது பாரும். நாங்கள் துலாவில ஆடாமல் நிக்கிறதுக்கெல்லே பாடுபட்டனாங்கள்.

துலா எண்டா உமக்கு வடிவாத் தெரியாது, நீர் கொழும்பில வளர்ந்தனீர். எங்கட குடாநாட்டில ஆறெண்டு சொல்ல மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கியாறு ஒண்டுதான். மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கல்லைக் குடைஞ்ச கிணறு. கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண்ணில வெங்காயமும் புகையிலையும் விளையவேணுமெண்டா இறைக்கவேணும். மிசின் வரமுந்தி இறைக்கிறதெண்டா துலா மிதிக்கவேணும். கிணத்தடியில ஆடுகால், அதில குறுக்கால ஒரு நீட்டு மரம். நுனியில துலாக்கொடி, கொடியில பட்டை. மரத்துக்கு மேல ஒருத்தன் நடப்பான். கிணத்துப் பக்கம் நடந்தா பட்டை கீழ போய் மொண்டுகொள்ளும். திரும்பி அடிப்பக்கம் நடந்தா மேல வரும். கிணத்துக்கட்டில நிக்கிறவன் அதைப் பிடிச்சு வாய்க்காலுக்குள்ள கவிழ்ப்பான். தோட்டத்துக்குள்ள இன்னொருத்தன் தண்ணி கட்டுவான். பெரிய துலாவெண்டா மேல ரெண்டு பேர்.

நிக்கிற மரமில்லை அது. நீர் ஏறேக்கை மேடாயிருந்தது நாலு எட்டில பள்ளமாகும். வெறுங்கால், விடியப்புறப் பனி, கீழ பாத்தா கிணறு. எங்கட அப்பு சுருட்டைப் பத்தவைச்சுக்கொண்டு மிதிப்பார், சாம்பல் விழாது. அவருக்கு வண்டியும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது, அது வேற கதை.

மிசின் வந்து துலாவைக் கழட்டினம். 1990 இல பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் கண்ணில காணாமப் போக, எங்கட வளவில மிசின் படுத்திட்டுது. கொட்டிலில கிடந்த மரத்தை எடுத்துத் திரும்பப் பூட்டினம். அப்ப நான் நாற்பதைத் தாண்டின ஆள். ஏறினவுடன கால் நடுங்கினது முழங்காலுக்கால வந்து பல்லில நிண்டது.

அந்த நடுக்கம்தான் மருமோன், உந்தப் பந்து செய்யிற யாவாரம் முழுக்க. தரை அசையாட்டில் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் பெரிய வேலையில்லை. தரை ஆடினால், கண்ணும், காதுக்குள்ள கிடக்கிற சமநிலை உறுப்பும், மூட்டுகளில இருக்கிற உணர்வும் ஓயாமல் மூளைக்குச் சேதி சொல்லும். உடன சின்னச் சின்னத் தசையெல்லாம் இழுத்துப் பிடிக்கும். அதோட நீர் ஏறி இறங்கவும் தொடங்கினா நெஞ்சு அடிக்கும். உம்மைப் பாத்த டொக்டர் கேட்டது அந்த நெஞ்சடிப்பைத்தான். நீர் பந்தில நிண்டு போட்டோ பிடிச்சு வட்சப்பில போட, அடிக்கிறது பாக்கிறவையின்ர நெஞ்செல்லே.

நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். சொன்னாக் கோவிக்காதையும்.

முதல் அந்தப் போனைத் தூர வையும். துலாவில நடந்தவன் ஒருத்தனும் காலைப் பாத்து நடக்கேல்லை. நேர பாரும். யன்னலடிக்குச் சாமானை இழுத்து வையும். விழப்போனாக் கம்பியைப் பிடிக்கலாம், மாமி கடகத்தோட ஓடவும் தேவையில்லை. பாயையும் மிதியடியையும் சுருட்டி எடும். பந்தில வட்டம் வட்டமாக் கோடு கிடக்கெல்லே, அது வடிவுக்கில்லை. நடு வட்டத்தில வலது காலை முழுப்பாதமா ஊண்டி ஏறும், இடதைக் கொண்டுவாரும், வலதை இறக்கும், இடதை இறக்கும். கொஞ்சம் செய்தாப்பிறகு இடதுகால் முன்னுக்குப் போகட்டும். முழங்காலைப் பூட்டிக்கொண்டு கம்பம்மாதிரி நிக்காதையும், இளக்கி வையும். இது பிடிபட்டாப்பிறகுதான் பக்கவாட்டில தாண்டுறது, மேல நிண்டு கால் மாத்திறது, குந்தி எழும்புறதெல்லாம்.

கவிழ்த்து வைச்சுத் தட்டில ஏறி நிண்டீரே அண்டைக்கு, உந்த விசர்வேலை வேண்டாம். கவிழ்த்தா அதின்ர ரெண்டு பக்கத்தையும் கையால பிடிச்சுக் கையூண்டும். முழங்காலை மாறி மாறி நெஞ்சுக்கு இழும். சீமெந்தில இருந்து அரையடி உயரத்திலயே மூச்சு மூசும். பாரம் தூக்கிறதெண்டா தரையில நிண்டு தூக்கும். கால் ஆடேக்கை கையில முழுப்பலம் வராது.

எவ்வளவு கெதியா எண்டு கேட்டனீர். கதைக்க முடியவேணும், பாட முடியக்கூடாது. நீர் பாடாமலிருக்கிறது எங்களுக்கும் நல்லதுதான். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுத்தினாலோ உடன இறங்கி இரும், வீரம் காட்டாதையும். உமக்குச் சீனியும் இருக்கு. பாதத்தில விறைப்பு இருந்தா ஊண்டினதே தெரியாது, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கம்பியை விடாதையும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல சொன்னதாம், வளர்ந்த ஆக்கள் கிழமைக்கு 150 நிமிசம் தொடக்கம் 300 நிமிசம் வரைக்கும் மூச்சு வாங்க உடம்பை அசைக்கவேணும் எண்டு. மூச்சு நல்லாப் பறக்கச் செய்தா அதில அரைவாசி காணும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு அஞ்சு நாள், கணக்குச் சரி. பத்துப் பத்து நிமிசமாப் பிரிச்சாலும் ஆரும் அடிக்கமாட்டினம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாச் செய்து முடிச்சுப்போட்டு, ஆட்டிறைச்சிக் கறியோட புட்டை ஏத்திறதுதான் உம்மட திட்டமெண்டா, உந்தப் பந்தை மாட்டுக்குத் தவிடு வைக்கத் தாரும்.

துலாவில நிண்டவனுக்கு இந்தக் கணக்கொண்டும் தேவைப்படேல்லை. பாத்தி நனையுமட்டும் இறங்கேலாது. இறங்கினாத் தண்ணி கட்டிறவன் மண்வெட்டியோட வருவான். உமக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லாததுதான் குறை. பிள்ளையிட்டைச் சொல்லி ஆள் ஒழுங்குபண்ணலாம், மண்வெட்டி என்ரையைத் தாறன்.

65 தாண்டினவை விழாமலிருக்கிறதுக்குக் கிழமையில மூண்டு நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி செய்யவேணுமெண்டும் அந்த நிறுவனம் சொன்னதில கிடக்காம். பிள்ளை அந்த இடத்தை மட்டும் என்ர பக்கம் திரும்பி, சத்தமா வாசிச்சவள். எனக்குக் காது கேக்கேல்லை எண்டு இருந்திட்டன்.

சரி, தேத்தண்ணியைக் குடியும். நீர் காலமை கந்தோருக்குப் போனா சாமான் பொழுதுபட்டுத்தான் அசையுது, ஆனாலும் யன்னல்கம்பித் தூசி ஆர் துடைச்சதெண்டு மாமி நேற்று யோசிச்சவ. பந்தில காத்தும் ஒரு சொட்டுக் குறைஞ்சுதான் கிடக்கு. வரேக்கை பம்பை எடுத்துக்கொண்டு வாரும், ஏனெண்டு மட்டும் கேளாதையும்.