கீழே ஒரு காது, மேலே ஒரு காது

கே: பூமியின் காந்தப்புலம் கொந்தளிப்பதை விண்கலம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– வாசகர், வைட்டிலா, கொச்சி

ப: முதலில் தன் சொந்த இரைச்சலை விட்டு விலகி நின்றுதான்! கலத்துக்குள் ஓடும் மின்சாரமும் காந்தப்புலம் உண்டாக்கும். அதனால் 2013-ல் ஏவப்பட்ட மூன்று ஐரோப்பிய 'ஸ்வார்ம்' கலங்களும் காந்தமானிகளை 4 மீட்டர் நீளக் கையில் தள்ளிப் பிடித்திருக்கின்றன.

அவை நம் தெற்கத்திச் சீமைக்கு மேலே பறக்கும்போது விருந்து காத்திருக்கிறது. இப்பகுதியை ஒட்டிச் செல்லும் காந்த நடுக்கோட்டின் மேல், சுமார் 100 கி.மீ. உயரத்தில், பகலில் பெரும் மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராயத்தான் 1963-ல் தும்பாவில் ராக்கெட் தளம் பிறந்தது.

ஆனால் ஓடும் கலத்துக்கு, புலம் மாறியது இடத்தாலா நேரத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒரே இடத்தில் நின்று அளக்கும் திருநெல்வேலி ஆய்வகம் போன்றவைதான் அந்த வழக்கைத் தீர்த்துவைக்கின்றன. விண்வெளி யுகத்திலும் நெல்லையின் சாட்சி இல்லாமல் தீர்ப்பு இல்லை!