ரிலே மேல் என்ன கோபம்?

ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகிறது. செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் என்ன?
*– ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர், பல்லடம்*

முதலில் ட்ரிப் ஆவது நிற்கும். அப்புறம் மோட்டார் நிற்கும். ரிலே மேல் என்ன கோபம்? அது புகார் சொல்கிறது, புகாரை விசாரியுங்கள். கிளாம்ப் மீட்டரை மூன்று பேஸிலும் மாட்டிப் பாருங்கள். மூன்றிலும் ஆம்பியர் ஒரே மாதிரி ஏறியிருந்தால் பெரும்பாலும் லோடில்தான் குறை: இறுகிப்போன பேரிங், அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய பெல்ட். இல்லையென்றால் வோல்டேஜ் குறைவு. ஒரு பேஸில் மட்டும் வித்தியாசம் தெரிந்தால் சப்ளையையும் கான்டாக்டர் முனைகளையும் பாருங்கள்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். நேம் பிளேட்டில் 28 ஆம்பியர், ரிலேயிலும் 28தான் வைத்தோம். ஆனாலும் காயில் எரிந்துவிட்டது. ரிலே பழுதா?
*– எலக்ட்ரீஷியன், அம்பத்தூர்*

ரிலே நிரபராதி. பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்களில் ரிலே வைண்டிங் வழியில்தான் உட்கார்ந்திருக்கும். அதன் வழியே போவது லைன் கரண்ட்டில் 58 சதவீதம் மட்டுமே. அங்கே வைத்திருக்க வேண்டியது சுமார் 16 ஆம்பியர். நீங்கள் 28 வைத்ததால், லைனில் 48 ஆம்பியர் ஓடினாலும் ‘எல்லாம் சரி’ என்று அது சும்மா இருந்திருக்கும். ரிலே லைனில் இருக்கிறதா, வைண்டிங் வழியில் இருக்கிறதா என்று ஒயரைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருகுங்கள்.

மோட்டார் எரிந்தால் உடனே ரீவைண்டிங்குக்குத் தூக்கிப் போய்விடுகிறோம். சரிதானே?
*– விசைத்தறி உரிமையாளர், சோமனூர்*

தூக்குவது சரி. காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்தீர்களா? எரிந்த காயில் ஒரு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, ஒன்று பளபளவென்று இருந்தால், ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் அதே கோளாறுக்கு ஒரு பேஸ் கருகி, இரண்டு தப்பித்திருக்கும். மொத்தமும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்டம் அடைபட்டது. காரணத்தைப் பார்க்காமல் புதுக் காயில் கட்டினால் அடுத்த ரீவைண்டிங்குக்கு முன்பணம் கட்டியதாக அர்த்தம். பேஸ் போன கேஸ் என்றால் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால், அதை பைபாஸ் செய்த புண்ணியவானைத் தேடுங்கள்.

காயிலை எடுக்க கேஸ் டார்ச்சில் சுட்டு எடுக்கிறார்களே, தப்பா?
*– அப்ரென்டிஸ், ஓசூர்*

தப்புதான். ஸ்டேட்டர் தகடு ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய இன்சுலேஷன் பூச்சு இருக்கிறது. கண்டபடி சுட்டால் அது போய்விடும். பிறகு தகடுகளுக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடும். மோட்டார் சும்மா ஓடினாலே சூடாகும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அடுப்பு உள்ள கடையாகப் பாருங்கள்.

பேரிங்குக்குத் தாராளமாக கிரீஸ் அடிப்பது நல்லதுதானே?
*– ஆயில்மேன், ராஜபாளையம்*

கல்யாணப் பந்தியில் தாராளம் நல்லது. பேரிங்கில் கிரீஸ் திணிந்தால் குண்டுகள் அதைக் கடைந்து கடைந்தே சூடாகும். சீலைப் பிதுக்கிக்கொண்டு வைண்டிங் பக்கமும் போகும். ஒரு கணக்கு சொல்கிறேன்: பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005ஆல் பெருக்குங்கள். அத்தனை கிராம். 6309 பேரிங் என்றால் 100 × 25 × 0.005 = 12.5 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று தராசில் நிறுத்துப் பாருங்கள். டிரெயின் பிளக்கைத் திறந்துவைத்து அடியுங்கள். லித்தியம் கிரீஸ் இருக்கும் இடத்தில் பாலியூரியாவைக் கலக்காதீர்கள்.

மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. ஆபத்தா?
*– மெஷின் ஆபரேட்டர், திண்டுக்கல்*

கைக்கு ஆபத்து. மோட்டாருக்கு அவசியமில்லை. எஃப் கிளாஸ் இன்சுலேஷன் 155 டிகிரி வரை தாங்கும். வெளி உடம்பு 70 டிகிரியில் இருப்பது சாதாரணம். தெர்மாமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். நேற்றுவரை 65, இன்று அதே லோடில் 80 என்றால் விசாரணை தேவை. தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மில் என்றால் முதலில் ஃபேன் கவரைப் பாருங்கள். அங்கே பஞ்சு மெத்தை தைத்திருக்கும்.

டெஸ்டர் எரியவில்லை. அப்படியென்றால் கரண்ட் இல்லைதானே?
*– ஹெல்பர், ஈரோடு*

அல்லது டெஸ்டர் கெட்டிருக்கலாம். கரண்ட் இருக்கும் இடத்தில் முதலில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் சோதித்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் சோதியுங்கள். நியான் டெஸ்டரை நம்பாமல் முறையான வோல்டேஜ் மீட்டரால் மூன்று பேஸையும் பாருங்கள். அதற்கும் முன்னால், ஐசொலேட்டரை இறக்கி உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். ‘ஆள் வேலை செய்கிறார்’ என்ற அட்டை மட்டும் போதாது. அட்டையைப் படிக்காமல் ஸ்விட்ச் போடுகிறவர் எல்லா ஷிஃப்ட்டிலும் ஒருவர் உண்டு.

டிரைவ் மாட்டிய பிறகு புது பேரிங்கும் சத்தம் போடுகிறது. ஏன்?
*– பராமரிப்புப் பொறியாளர், ஸ்ரீபெரும்புதூர்*

டிரைவின் வேகமான ஸ்விட்சிங்கால் ஷாஃப்ட்டில் வோல்டேஜ் தேங்கும். அது பேரிங் வழியே பொறி பறக்க எர்த்துக்கு இறங்கும். பேரிங்கைப் பிரித்துப் பாருங்கள், ஓடுதளத்தில் ஏணிப்படி மாதிரி கோடுகள் இருந்தால் அதுதான். ஷாஃப்ட்டுக்கு எர்த் பிரஷ், அல்லது இன்சுலேட்டட் பேரிங் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: சப்ளையை நிறுத்தினாலும் டிரைவின் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கும். மேலே எழுதியிருக்கும் நிமிடக் கணக்குக்குக் காத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். மோட்டாரை மெக்கர் செய்யும்போது டிரைவைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் பாஸ், டிரைவ் காலி.

தீபாவளி லீவுக்குப் பிறகு மெக்கரில் 10 மெகா ஓம் காட்டியது. ஓட்டலாமா?
*– டையிங் யூனிட், திருப்பூர்*

440 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கரில் 10 என்பது பாஸ் மார்க்தான். லீவுக்கு முன் எவ்வளவு? அப்போதும் 10 என்றால் ஓட்டுங்கள். 200 இருந்தது என்றால் ஈரம் இறங்கியிருக்கிறது. உலர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

மோட்டார் பாடிக்கு இரண்டு எர்த் எதற்கு? ஒன்று போதாதா?
*– கான்ட்ராக்டர், கரூர்*

போதும், ‘நான் அறுந்துபோக மாட்டேன்’ என்று அது எழுதிக் கொடுத்தால். எர்த் அறுந்தாலும் மோட்டார் ஜோராக ஓடும், யாருக்கும் தெரியாது. பாடியில் கரண்ட் இறங்கும் நாளில்தான் தெரியும். அதனால்தான் தனித்தனியாக இரண்டு வேண்டும் என்கிறது சட்டம்.

கோயம்புத்தூருக்கும் மோட்டாருக்கும் அப்படி என்ன உறவு?
*– பாலிடெக்னிக் மாணவி, நாமக்கல்*

பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் வந்தது, மில்கள் பெருகின, மோட்டாருக்குத் தேவை வந்தது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டினார்கள்.

எங்கள் மெயின்டனன்ஸ் ஆள் பாதி நாள் சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் எதற்கு?
*– முதலாளி, சிவகாசி*

அவருடைய நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஆம்பியர், வெப்பம், மெக்கர் அளவு, கிரீஸ் அடித்த தேதி இருக்கிறதா? இருந்தால், எதுவும் நிற்காமல் ஓடுகிறதே, அதற்குத்தான் சம்பளம். நோட்டே இல்லையென்றால் உங்கள் கேள்வி நியாயமானது.