கோட்டைக்குள்ளே நூல் மில்லு

திருப்பூர்க்காரனை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனால் கோபுரத்தைப் பார்க்கமாட்டான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிற ஆளின் டி-ஷர்ட்டைப் பார்ப்பான். தோள்பட்டையில் டேப் வைத்திருக்கிறார்களா, கழுத்து ரிப் அலையடிக்கிறதா, நாலு துவைப்பில் சைடு தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிட்டதா என்று கண் தானாகப் போகும். மாணவனாக ஜெர்மனியில் இருந்தபோது எனக்கு இந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது.

2004 டிசம்பரோடு ஜவுளி ஏற்றுமதிக்கான கோட்டா முறை ஒழிந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் தைத்து அனுப்பலாம் என்றானதும் ஊருக்குள் பணம் புரண்டது. நாலு ஓவர்லாக் மெஷினைப் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்த அப்பாக்களெல்லாம் ‘நம்ம பையன் வெள்ளைக்காரங்கிட்டயே போய்ப் படிச்சுட்டு வரட்டும்’ என்று முடிவெடுத்த காலம். நான் போய்ச் சேர்ந்த ஊர் மொன்ஷன்கிளாட்பாக். ஒரு காலத்தில் அதற்கு ‘ரைன் நாட்டு மான்செஸ்டர்’ என்று பட்டம். ஆலைகள் போய்விட்டன, ஜவுளிப் படிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. வாரக்கடைசியில் நாங்கள் சுற்றிப்பார்க்கப் போன பெல்ஜியத்துக் கென்ட் நகரத்துக்கும் அதே மான்செஸ்டர் பட்டம்தான். நம் பக்கத்தில் கோயமுத்தூருக்கும் உண்டு. அசல் மான்செஸ்டரையும் சேர்த்து இந்தப் பட்டக்காரர்களின் ஜாதகத்தை வரிசையாகப் பார்த்தபோது, திருப்பூருக்கு ‘டாலர் சிட்டி’ என்று பேர் வைத்தவர் விவரமான ஆள் என்று தோன்றியது. டாலரும் காலை வாரும் என்பது 2025 ஆகஸ்டில், அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோதுதான் தெரிந்தது.

கென்ட்டுக்குப் போனது ஐந்து பேர். பெட்ஷீட் குடும்பத்துக் கரூர்க்காரன், சாயப்பட்டறைக் குடும்பத்து ஈரோட்டுக்காரன், ஒரு சூரத் பையன், டாக்காவிலிருந்து வந்த ஒருவன், நான். ஐந்து பேர் என்பதற்குக் காரணம் நட்பு மட்டுமல்ல. ஜெர்மனி ரயிலில் சனி ஞாயிறுக்கென்று ஒரு டிக்கெட் இருந்தது. பாசஞ்சர் வண்டிகளில் மட்டும் செல்லும். ஐந்து பேர் வரை ஏறிக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்தால் ஐந்தாவது ஆளைத் தேடிப் பிடிப்போம். டாக்காக்காரன் அப்படிச் சேர்ந்தவன்தான். எல்லையைத் தாண்டினால் பெல்ஜியத்தில் இளவட்டங்களுக்கென்று அப்போது பத்துப் பயண அட்டை இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தேதியும் ஊரும் பேனாவால் நாமே எழுத வேண்டியிருந்தது. அதிலும் ஐந்து பேரும் பங்கு. டப்பாவில் புளிசாதம். எதன் விலையைப் பார்த்தாலும் ரூபாய்க்கு மாற்றி ‘அடேங்கப்பா’ என்று கீழே வைப்போம்.

கென்ட்டில் முதலில் எல்லோரும் போவது கிராவன்ஸ்டீன் கோட்டை. 1180இல் ஃபிளாண்டர்ஸ் பிரபு கட்டியது. சுற்றிலும் அகழி, உள்ளே சித்திரவதைக் கருவிகள் வைத்த அறை. 1949இல் பீர் விலையேற்றத்தை எதிர்த்துக் கல்லூரி மாணவர்கள் இந்தக் கோட்டையைக் கைப்பற்றி உட்கார்ந்துகொண்டார்கள் என்ற கதையைக் கேட்டதும் சூரத் பையனுக்கு அந்த ஊர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொரு சங்கதி. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டைக்குள்ளேயே பஞ்சாலை ஓடியிருக்கிறது. மதிலை ஒட்டி ஆலைத் தொழிலாளிகளின் வீடுகள் அப்பியிருந்திருக்கின்றன. பிறகு ஆலையைக் காலி செய்து, வீடுகளை இடித்து, கோட்டையைக் கோட்டை மாதிரி ஆக்கி டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

சரியாக அந்த நேரத்தில் அப்பா போனில் கூப்பிட்டார்.

“சாப்பிட்டயா சாமி? எங்க இருக்கறே?”

“பெல்ஜியத்துலீங்கப்பா. ஒரு கோட்டையப் பாக்க வந்தோமுங்.”

“கோட்டைல என்ன இருக்குது?”

“முன்னால உள்ளுக்குள்ள நூல் மில்லு ஓடுச்சாமாங்.”

ஒரு நிமிஷம் சத்தமில்லை. “என்ன கவுண்ட்டு ஓட்டுனாங்களாமா?”

கொஞ்ச தூரத்தில் ஒரு சிலை. லீவன் பாவென்ஸ் என்று ஒருவர். இங்கிலாந்து தன் நூற்பு எந்திரத்தை வெளியே விடக் கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்த காலத்தில், 1798 வாக்கில், அந்த ‘மியூல்’ எந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். ஓட்டத் தெரிந்த ஆட்களையும் சேர்த்துக் கூட்டிவந்தார். இங்கிலாந்து அவருக்கு, அவர் இல்லாமலே, மரண தண்டனை விதித்தது. கென்ட் அவரைக் கொஞ்ச காலம் நகரத் தலைவராக வைத்துக்கொண்டது. கடைசியில் தொழில் நொடித்து 1822இல் பாரிசில் செத்துப்போனார். ஊர் அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவர் கொண்டுவந்த எந்திரத்தின் தயவில் பிழைத்தது. ஈரோட்டுக்காரனுக்குத் தாங்கவில்லை. “கடத்தல்காரனுக்குச் சிலையா?” என்றான். எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. வெளிநாட்டு பையர் கொடுத்த சாம்பிளைப் பிரித்து, பேட்டர்ன் எடுத்து, அடுத்த வாரமே காதர்பேட்டைக் கடைகளில் தொங்கவிட்ட மகான்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்களுக்கெல்லாம் சிலை வைப்பதென்றால் அவினாசி ரோட்டில் பஸ் போக இடம் இருக்காது.

மணிக்கூண்டை ஒட்டித் துணி மண்டபம். 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கம்பளித் துணியை அங்கே விரித்து அளந்து, குறை பார்த்துத்தான் விற்பனைக்கு விடுவார்களாம். அதாவது செக்கிங் செக்‌ஷன். 600 வருஷத்துக்கு முன்னாலேயே ஓட்டை, கறை, அளவுக் குறைச்சல் என்று பீஸைத் தள்ளியிருக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் அந்த வேலையை டியூப்லைட்டுக்கடியில் நின்றுகொண்டு அக்காமார்கள் செய்வார்கள். இங்கே அதற்கு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற மணிக்கூண்டு காவல்.

வெள்ளிக்கிழமைச் சந்தைத் திடலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பவர் யாகோப் வான் ஆர்ட்டவெல்டே. இவர் கதையை மட்டும் நின்று முழுசாகக் கேட்டோம். கென்ட் நெய்தது இங்கிலாந்துக் கம்பளியை. 1330களில் பிரான்ஸோடு சண்டை வந்ததும் இங்கிலாந்து ராஜா கம்பளி ஏற்றுமதியை நிறுத்திவிட்டார். கென்ட்டில் தறிகள் நின்றன. பிரபு பிரான்ஸ் பக்கம். ஊருக்கோ வயிறு பக்கம். ஆர்ட்டவெல்டே இங்கிலாந்தோடு நேராகப் பேசிக் கம்பளியை வரவழைத்தார். ஊர் கொண்டாடியது. 1345இல் அதே ஊர் ஆட்களே அவரைக் கொன்றார்கள். நூல் விலை ஏறும்போதெல்லாம் டெல்லிக்குப் போய் மந்திரியைப் பார்த்துவிட்டு வருகிற எங்கள் சங்கத்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு இங்கே விழுவது பேச்சு மட்டும்தான். பரவாயில்லை.

பழைய பஞ்சாலை ஒன்றையே தொழில் அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஊரின் மூன்று கோபுரங்களும் தெரியும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. பாவென்ஸ் காலத்து மியூல் எந்திரத்தை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்னொரு தளத்தில் ஒரு பெரியவர் பட்டனை அழுத்தித் தறியொன்றை ஓட்டிக் காட்டினார். ‘டக டக’வென்று அது அடிக்க ஆரம்பித்ததும், வந்திருந்த குடும்பங்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தின. நாங்கள் ஐந்து பேரும் குனிந்து நாடா போகிற வழியைப் பார்த்தோம். “இதே செட்டு எங்க பெரியப்பா வீட்டுத் திண்ணைக்குப் பின்னால எட்டு ஓடுது” என்றான் கரூர்க்காரன். பெரியவருக்கு அதை ஜெர்மனில் எடுத்துச் சொன்னோம். அவர் நம்பவில்லை என்று முகம் சொன்னது. தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று அவர் காட்டிக்கொண்டிருந்ததில்தான் கரூர்க்காரனின் காலேஜ் பீஸ் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் கடைத்தெரு. அங்கேதான் நிஜமான சுற்றுலா. ஒவ்வொரு கடையாக நுழைந்து லேபிளைத் திருப்புவோம். இந்தியா என்றால் எனக்கு ஒரு பாயிண்ட், பங்களாதேஷ் என்றால் டாக்காக்காரனுக்கு ஒன்று. ஆண்கள் பிரிவு முடிவதற்குள் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். தோற்பவன்தான் எண்ணுவான் என்று சிரித்தான். “உன் பனியனுக்கு இவர்கள் 9 சதவீதத்துக்கு மேல் சுங்கம் வாங்குகிறார்கள். எனக்குச் சுங்கமே இல்லை, நாங்கள் ஏழை நாடு” என்றான். ஏழையாக இருப்பதில் அவனுக்கிருந்த பெருமிதத்தைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. ஒரு டி-ஷர்ட்டை எங்கள் ஊர்த் தையல் என்று அடித்துச் சொல்லிப் பந்தயம் கட்டி லேபிளைத் திருப்பினேன். துருக்கி. அன்றைக்கு ஐந்து பேருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் என் செலவு.

இனி இந்தப் பக்கம்.

அந்தப் படிப்பை முடித்துவிட்டு வந்து, அப்பாவின் கம்பெனியில் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அண்மையில் ஜெர்மனியிலிருந்து ஒரு மாணவி ஆராய்ச்சிக்காக வந்து எங்களிடம் சில வாரங்கள் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, “ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றிப்பார்க்க வேண்டும்” என்றாள். நான் ஊட்டிக்கு கார் சொன்னேன். வெளிநாட்டுக்காரர் யார் கேட்டாலும் ஊட்டிக்கு கார் சொல்வதுதான் திருப்பூர் வழக்கம். பையருக்கு ஊரைக் காட்டாமல் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் கலையில் நாங்கள் தேர்ந்தவர்கள். அவள் விடவில்லை. “ஊட்டி இல்லை, திருப்பூர்” என்றாள்.

எங்கள் மேனேஜரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன். நிட்டிங் ஃபிட்டராக இருந்து மேலே வந்தவர். ஊரில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. முதலில் ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில். தொல்லியல் துறை பராமரிக்கிற பழைய கற்கோயில். சொந்த ஊர்க்காரனான நான், அவள் போன் மேப்பைப் பார்த்து வழி சொல்லத்தான் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் நஞ்சராயன் குளம். 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மேனேஜர் கரையில் நின்று, “பறவைங்கல்லாம் வெளிநாட்டுல இருந்து வருதுங்களாமா. ஆர்டர் மட்டுந்தான் வரமாட்டீங்குது” என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்குச் சங்கடம். ஆற்றின் நிறத்தைப் பார்த்தே ஐரோப்பாவில் அடுத்த சீசனுக்கு என்ன கலர் என்று சொல்லிவிடலாம் என்று எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே விவசாயம் பாழாகி, அவர்கள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றது. சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு என்று கோடி கோடியாகக் கொட்டித்தான் மறுபடி திறந்தார்கள். இதையெல்லாம் நான் விளக்கப்போக, அவள் கென்ட் பக்கத்து லேயே ஆற்றைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஆற்றின் மேல்பக்கத்தில் ஆளிச்செடியை ஊறப்போட்டு நார் எடுத்த காலத்தில் ஆறு நாறுமாம். அதற்குப் ‘பொன்னாறு’ என்று பேர் வைத்துக்கொண்டார்களாம். நாங்கள் ஐந்து பேரும் படகு கட்டணம் அதிகமென்று கரையிலிருந்தே பார்த்த ஆறு அது. நாறுகிற ஆற்றுக்குப் பொன் என்று பேர் வைக்கிற சாமர்த்தியம் எங்கள் ஏற்றுமதியாளர்களுக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பூரை நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை வெளிமாநிலப் பையன்களின் கையில் ஊர். ரயில்வே ஸ்டேஷன் பக்கம், குமரன் நினைவகத்துக்கு முன்னால், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் என்று நாலைந்து பேராகச் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலை, புது ஷூ, ஒரே கூலிங் கிளாஸை ஆள் மாற்றி ஆள் போட்டுக்கொள்கிறார்கள். ஒருவன் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சுற்றிச் சுற்றித் திருப்பி ஊரைக் காட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன், பஸ், துணிக்கடை, மறுபடி ஸ்டேஷன். அந்தப் பக்கத்தில் ஒரு அம்மா குரல் ஏதோ கேட்டது. அவன் வயிற்றைத் தட்டிக் காண்பித்தான். ஒடியா எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி தெரியும்.

ஒடிசாவில் கஞ்சம் ஜில்லாவாம். ஐந்து பேர் ஒரே ரூம். எங்களைக் கூப்பிட்டுத் தங்களைச் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். நடுவில் நின்றவனின் டி-ஷர்ட்டில் ஈபிள் டவர் படமும் கீழே ‘பாரிஸ்’ என்ற எழுத்தும். ‘பாரி’ கொஞ்சம் மேலேறி ‘ஸ்’ கீழே இறங்கியிருந்தது. பிரிண்ட் ரிஜெக்ட். காதர்பேட்டை செகண்ட்ஸ். எங்கே வாங்கினாய் என்று அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்க, அவன் கையைக் காட்டிய திசையில் நாங்களும் போனோம். அங்கே அவள் ஊர்க் கடையொன்றின் டி-ஷர்ட் லேபிள் பாதி வெட்டப்பட்டுக் குவியலில் கிடந்தது. தன் ஊரில் இதன் விலை என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் எங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று சொல்லவில்லை. இரண்டு எடுத்துக்கொண்டாள். பேரம் பேசினாள்.

கடைசியாக காபி. அவளே இடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பழைய பனியன் கம்பெனிக் கட்டடம். பூசாத செங்கல், தகரக் கூரை, மேலே தொங்குகிற பழைய பல்புகள். எங்கள் அப்பா காசில்லாமல் விட்ட பூச்சு வேலையை இங்கே காசு கொடுத்து உரித்திருந்தார்கள். காபி 180 ரூபாய். பழக்கதோஷத்தில் எனக்குள் ‘அடேங்கப்பா’. அவள் சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள், கறுப்பு பெயிண்ட் அடித்து விளக்குப் போட்டு ஒரு பழைய வட்டப் பின்னல் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். நம் மேனேஜர் காபியை விட்டுவிட்டு எழுந்து போனார். தடுப்புக்கு மேலே கையை விட்டுச் சிலிண்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். கவுண்ட்டரில் இருந்த பையன் ஓடி வந்தான்.

“ஏனுங்ணா,” என்றார் மேனேஜர், பையனைப் பார்க்காமல் என்னிடம், “மெஷினு நல்லாருக்குதுங்க. நீடிலும் சிங்கரும் மாத்தி ஆயில் விட்டா நாளைக்கே ஓட்டிப்போடலாம். என்ன விலை சொல்றாங்கன்னு கேக்கட்டுங்களா?”