வாத்தியார் ஓட்டின வண்டி, சார்!

பழைய பைக் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கூட நாலு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மச்சான், மச்சானின் ஆபீஸ் நண்பர், ‘நான் பேசினா ஐயாயிரம் குறைப்பான்’ என்கிற ஒருவர், டீ குடிக்க வருகிற ஒருவர். மெக்கானிக்கை மட்டும் அழைத்துப் போய்விடாதீர்கள். அவர் வந்துபோகக் காசு கேட்பார். அது போகட்டும், உண்மையையும் சொல்லித் தொலைப்பார்.

எங்கே வாங்குவது? ஊருக்கு ஊர் ‘ஆட்டோ கன்சல்டிங்’ இருக்கிறது. அங்கே நிற்கிற வண்டி எல்லாமே சிங்கிள் ஓனர். ஓட்டியவர் வாத்தியார், வாத்தியார் கிடைக்காத வாரங்களில் பேங்க் மேனேஜர். பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். இத்தனை வாத்தியார்களும் வண்டியை விற்றுவிட்டு இப்போது எதில் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் விலை குறையப் போவதில்லை.

அடுத்து, எந்த வண்டி? ஸ்ப்ளெண்டர் 1994-லிருந்து ரோட்டில் இருக்கிறது. 97.2 சிசி இன்ஜின். எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் பேசிக்கொண்டே பிரித்து மாட்டுவார். உதிரிபாகம் தேடி டவுனுக்குப் போக வேண்டாம், பெட்ரோலும் அதிகம் குடிக்காது. ஆகவே அதை வாங்கக் கூடாது. பால்காரரும் கூரியர் தம்பியும் வைத்திருக்கிற வண்டியை வாங்க நாலு பேரை எதற்குக் கூட்டிப்போக வேண்டும்? 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஆர்.எக்ஸ். 100 இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மலரும். தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மைலேஜ் பற்றி மட்டும் வீட்டில் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

நம்பரையும் கூட்டிப் பாருங்கள். எட்டு வந்தால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதே வண்டியை, பின்னால் சும்மா நின்றிருந்த யாரோ ஒருவர் எட்டைக் காட்டியே விலையைக் குறைத்து ஓட்டிக்கொண்டு போவார். அவருக்குச் சாஸ்திரம் தெரியாது, பாவம்.

இப்போது வண்டியைப் பார்க்கலாம். பார்ப்பது என்றால் பாலிஷைப் பார்ப்பது. டேங்க்கில் உங்கள் முகம் தெரிகிறதா, சீட் கவர் புதிதா, டயரில் கருப்பு அடித்திருக்கிறார்களா? எல்லாம் சரி என்றால் வண்டி சரி. இதற்கு மேல் நோண்டினால் கடைக்காரர் மனசு கஷ்டப்படும். குறிப்பாக, போனதும் போகாததுமாக இன்ஜின் மேல் கை வைக்காதீர்கள். சுட்டுவிட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ நாற்பது உதை உதைத்து அதை எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துபோகும். ஸ்டார்ட் செய்தபின் சைலன்சர் பக்கம் போய் நிற்பதும் நாகரிகமில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் புகை நீலமாக வந்தால் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, இன்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்று எவனாவது சொல்லிவிடுவான்.

மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டும். நம்புங்கள். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் குனிந்து கிக்கர் ரப்பரையும் பிரேக் பெடலையும் பார்க்கிற ஆட்கள் சிலர் உண்டு. ரப்பரில் வரியே இல்லாமல் வழுவழுவென்று இருந்தால், அந்த 18-க்கு முன்னால் ஒரு ஒன்று இருந்திருக்கும். ஐந்து இலக்க மீட்டரில் அதற்கு இடம் கிடையாது, அவ்வளவுதான். சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நடுவில் ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது என்பார்கள். சென்னை வண்டி என்றால் சீட்டைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று விரலை விட்டு வேறு பார்ப்பார்கள். 2023 டிசம்பரில் வண்டி எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்ற கணக்கு அந்த விரலில் ஒட்டிக்கொண்டு வரும். உங்களுக்கு எதற்கு அந்த வேலை? கை அழுக்காகும்.

காகிதம் சமாச்சாரத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். வண்டியின் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யில் உள்ள நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கடைக்காரரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா? ‘லோன் எப்பவோ முடிஞ்சுது சார், ஹெச்.பி. கேன்சல் பண்ணலே, அவ்வளவுதான்’ என்பார். படிவம் 35-ம் கம்பெனியின் என்.ஓ.சி.யும் எங்கே என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். பதிவு செய்து 15 வருஷம் ஆன வண்டியா? ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். அதையெல்லாம் வாங்கின பிறகு தெரிந்துகொண்டால்தான் சுவாரசியம்.

பேர் மாற்ற அவசரமே இல்லை. 29, 30 படிவங்களில் தேதி போடாத கையெழுத்து இருக்கும். அதைப் பீரோவில் வையுங்கள். விற்றவர்தான் தூக்கமில்லாமல் இருக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. நீங்கள் சிக்னலில் நிற்காமல் போனால் அபராதக் குறுஞ்செய்தியும் வாத்தியாருக்குத்தான் போகும். ஆனால் ஒன்று, அவர் செலுத்தாமல் விட்டுப்போன பழைய அபராதங்களும் அதே வண்டி நம்பரில்தான் காத்திருக்கும். வாங்குவதற்கு முன் பரிவாகன் தளத்தில் நம்பரைத் தட்டிப் பார்த்தால் தெரியும். தட்டாதீர்கள்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். ‘இன்ஷூரன்ஸ் கரண்ட்ல இருக்கு சார், போனஸோட வருது’ என்பார் கடைக்காரர். நோ கிளெய்ம் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. வாத்தியார் அதைத் தன் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோயிருப்பார். அவர் பெயரில் இருக்கும் பாலிசியோடு ஓட்டினால், நீங்கள் இடித்த ஆளுக்கு நஷ்டஈடு போய்விடும். சட்டம் அந்தப் பகுதியைத் தானாகவே உங்களுக்கு மாற்றித் தருகிறது. உங்கள் வண்டி நொறுங்கினதற்குக் கேட்டால், ‘நீங்க யாரு?’ என்பார்கள். அந்தக் கேள்வி வராமல் இருக்க, வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியை மாற்றிக்கொள்ள வேண்டும். பதினான்கு நாளில் சீட் கவர் மாற்றவே நேரம் போதாது.

பாலிசி செத்துப்போயிருந்தால் தேர்டு பார்ட்டி மட்டுமாவது போடலாம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை வருஷத்துக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. போடாமல் மாட்டினால் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ‘நம்மளை யார் பிடிக்கப் போறா?’ என்ற முடிவுக்கு வருவதே மரபு.

வண்டி திருடு போகும் என்று பயமிருந்தால் முழு பாலிசி. அப்போது ஐ.டி.வி. என்று ஒரு தொகை கேட்பார்கள். வண்டி போனால் கிடைக்கிற தொகை அதுதான். பிரீமியம் குறையட்டும் என்று அதைப் பாதியாக்குங்கள். கிளெய்மின்போது கம்பெனிக்காரர் இரண்டு ஒரிஜினல் சாவியையும் மேஜையில் வைக்கச் சொல்வார். உங்களிடம் இருப்பது ஒன்று. இன்னொன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க அன்றைக்கு நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டீ வந்துவிட்டது.

ஓட்டுகிற உங்கள் உயிருக்கும் 15 லட்ச ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அதற்கு நாமினி பெயரைக் கேட்பார்கள். ஏஜெண்டைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டு, ‘ஆதார்ல உன் பேரு இனிஷியலோட எப்படி இருக்கு?’ என்று கேளுங்கள். ‘எதுக்கு?’ என்று பதில் கேள்வி வரும். ஆர்.எக்ஸ். வாங்கின விஷயத்தை அதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.