நாற்பத்து மூன்று இஞ்சும் மீதிப் பத்தொன்பது புள்ளியும்

பெறுநர்: தலைவர் அவர்கள், இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), புது தில்லி.

அனுப்புநர்: கேபிள் சந்தாதாரர் ஒருவர், லாஸ்பேட்டை, உழவர்கரை நகராட்சி, புதுச்சேரி.

பொருள்: 43 இஞ்ச் டிவிக்கு எந்த ரெசல்யூஷன் என்று உத்தரவிடக் கோரி.

மதிப்பிற்குரிய அய்யா அல்லது அம்மா,

டிவி விற்பது உங்கள் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் 2004 ஜனவரியிலிருந்து கேபிளும் ஒளிபரப்பும் உங்கள் பொறுப்பில்தான் இருக்கின்றன. எந்தச் சேனலை எதனோடு சேர்த்துக் கட்டி விற்கலாம் என்பதுவரை நீங்களே சொல்கிறீர்கள். கடைக்காரரைக் கேட்டால் "4கே எடுங்க" என்கிறார். கேபிள்காரரைக் கேட்டால் "எதுல வேணாலும் தெரியும் சார்" என்கிறார். இந்த இருவருக்கும் மேலே ஒரு நாற்காலி இருக்கிறதே என்றுதான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

நூறடி ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே சிவப்புக் கிளி. கிளி தலையைச் சிலுப்பியதும் தண்ணீர்த் துளிகள் தனித்தனியாகப் பறந்தன. "இறகை எண்ணலாம் சார்" என்றான் கடைப் பையன். எங்கள் வீட்டில் கிளி பார்ப்பவர்கள் யாரும் இல்லை. "ராத்திரி எட்டு மணி சீரியல் ஏதாவது போட்டுக் காட்டு தம்பி" என்றேன். "கேபிள் கனெக்‌ஷன் இங்க கிடையாது சார்" என்றான். டிவி விற்கும் கடையில் கேபிள் இல்லாததற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டதும் புரிந்துவிட்டது.

எச்டி ரெடி என்று விற்கும் திரையில் 1366க்கு 768, அதாவது சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920க்கு 1080, இருபது லட்சத்துக்கு மேல். 4கேயில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரி, கம்பி வழியாக என் வீட்டுக்கு வரும் சாதாரண எஸ்டி சேனலில் எத்தனை? அதிகபட்சம் 720க்கு 576. பெருக்கினால் 4,14,720. இதைக் கொண்டு 4கே திரையின் 82,94,400ஐ வகுத்துப் பாருங்கள். மீதியே இல்லாமல் 20 வருகிறது.

அதாவது நீங்கள் ஒரு புள்ளி அனுப்புகிறீர்கள், மற்ற பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப்பு அக்கம்பக்கம் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. சீரியல் மாமியாரின் மூக்குத்தியில் மின்னுவது நகைக்கடை வைரமா, சிப்பின் கைவண்ணமா என்று அந்த நடிகையாலேயே சொல்ல முடியாது. பழைய நிகழ்ச்சியாக இருந்தால் இன்னும் விசேஷம். சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடுவதால் ஒல்லியான கதாநாயகன்கூட ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வருகிறார்.

இந்த இடத்தில்தான் உங்கள் 2017ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவு ஞாபகத்துக்கு வருகிறது. 2019 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது 130 ரூபாய்க்கு (வரி தனி) நூறு சேனல் என்றீர்கள், 2020இல் இருநூறாக்கினீர்கள். ஒரு எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாக எண்ண வேண்டும் என்றும் சொன்னீர்கள். புள்ளிக் கணக்கில் ஒரு ஃபுல் எச்டி படம் ஐந்து எஸ்டிக்குச் சமம். அதுவும் மீதியில்லாமல் வகுபடுகிறது. கம்பியில் பிடிக்கும் இடத்தை வைத்து நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கலாம், நான் அதில் தலையிடவில்லை. ஒரே சேனலின் எஸ்டியையும் எச்டியையும் ஒரே தொகுப்பில் கட்டி விற்கக் கூடாது என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. மங்கலும் தெளிவும் ஒரே பொட்டலத்தில் இருந்தால் ஜனங்கள் குழம்பிவிடுவார்கள் அல்லவா. அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் 2024 ஜூலையில் எடுத்துவிட்டீர்கள். அதற்கும் நன்றி.

இனி தூரத்துக்கு வருகிறேன். சராசரிக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது. 43 இஞ்ச் திரை சுமார் 95 சென்டிமீட்டர் அகலம். அப்படியென்றால் 4கேயின் புள்ளிகள் முழுவதும் பயன்பட வேண்டுமானால் மூன்றடிக்குள் உட்கார வேண்டும், அதாவது மடியில் வைத்துக்கொள்ளாத குறை. ஃபுல் எச்டிக்கு ஐந்தரை அடி. எச்டி ரெடிக்கு எட்டடி. உங்கள் எஸ்டி சேனல் கட்டம் கட்டமாகத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் பதினைந்து அடி தள்ளிப் போக வேண்டும். எங்கள் ஹாலில் சுவருக்கும் சோபாவுக்கும் ஒன்பதடிதான் இருக்கிறது. மீதி ஆறடிக்கு வாசலைத் தாண்டி உழவர்கரை நகராட்சியின் வாய்க்கால் மேல் நாற்காலி போட வேண்டியிருக்கும். ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தால் உங்கள் பெயரைத்தான் சொல்வேன்.

புதுச்சேரிக்காரன் என்பதால் ஒரு சரித்திரத் துயரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948 நவம்பரில் பிரான்ஸ் 819 கோட்டு டிவி முறையை ஏற்றது. அன்றைக்கு உலகில் அதைவிட நுணுக்கமான ஒளிபரப்பு இல்லை. அதில் படம் தெரியும் கோடுகள் மட்டும் 737. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடம் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரைக் கொடுத்தார்கள், கவர்னர் மாளிகையைக் கொடுத்தார்கள், கோடுகளைக் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். நாம் 625 கோட்டு முறையில் சேர்ந்தோம். அதில் படம் தெரிவது 576 கோட்டில். அதே 576தான் இன்றும் என் எஸ்டி சேனலில் வருகிறது. முக்கால் நூற்றாண்டு கழிந்தும் பாரீஸின் பழைய பெட்டியை நாங்கள் எட்டவில்லை. மெர்சி!

மற்ற இலாகாக்களைக் கேட்கலாம் என்றால் அவர்கள் இஞ்சைத் தாண்டி யோசிப்பதில்லை. 2019 புத்தாண்டிலிருந்து 32 இஞ்ச் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம் என்று ஜிஎஸ்டி போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லாவற்றுக்கும் 18. புள்ளிக்கு வரி போட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இந்த வரியை அவர்களிடம் காட்டிவிடாதீர்கள்.

அட்டைப் பெட்டியில் "1080 சப்போர்ட்" என்று எழுதியிருப்பது இன்னொரு வித்தை. உள்ளே இருப்பது 1366 திரைதான். ஃபுல் எச்டி படம் வந்தால் வாங்கிச் சுருக்கிக் காட்டும், அதற்குப் பெயர் சப்போர்ட். கேபிளை விட்டு இன்டர்நெட் பக்கம் போனால் 4கே உண்மையாகவே வருகிறது. ஆனால் அங்கேயும் தெளிவுக்குத் தனி விலை. நெட்ஃப்ளிக்ஸில் 4கே வேண்டுமானால் இருப்பதிலேயே விலை கூடிய திட்டத்துக்குத்தான் போக வேண்டும். 55 இஞ்ச் வாங்கி ஏழடிக்குள் உட்கார்ந்து அதைப் பார்ப்பவர்கள் தாராளமாக 4கே வாங்கட்டும், கொடுத்த காசுக்குப் பலன் உண்டு.

எங்கள் வீட்டில் சோபா ஒன்பதடியில், தரையில் தட்டோடு உட்காருபவர்கள் ஆறடியில். அதற்கு ஃபுல் எச்டி போதும். உங்கள் உத்தரவு வருவதற்குள் பழைய டிவி முழுசாகக் கண்ணை மூடிவிடும் என்பதால் அதற்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அரிசி மூட்டையில் எடையும் மாத்திரை அட்டையில் மில்லிகிராமும் போட வைத்த நாடு இது. மாதாமாதம் வரும் கேபிள் ரசீதில் ஒவ்வொரு சேனலுக்கும் எதிரே எத்தனைக்கு எத்தனை புள்ளி அனுப்புகிறார்கள் என்று அச்சடிக்க உத்தரவிடுங்கள். டிவியை நாங்களே பார்த்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இருபதில் ஒரு பங்கு மட்டும் பெறும்
லாஸ்பேட்டைச் சந்தாதாரர்