காருக்குக் களிமண் வைத்தியம்

கார் பெயின்டைச் சுத்தம் செய்யும் ‘கிளே பார்’ பெயரளவில்தான் களிமண். பெரும்பாலும் அது நுண்ணிய தேய்ப்புத் துகள் கலந்த செயற்கைக் கட்டி. ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகும் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் பிரேக் தூசி, இரும்புத்தூள், மரப்பிசின் ஆகியவற்றை இது பிடுங்கி எடுக்கும். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பெயின்டைத் தடவினால் அவற்றின் சொரசொரப்பு தெரியும். புதுக் கார்க்காரருக்குத் தடவாமலே தெரியும். வழுக்குத் திரவம் தெளித்து, அழுத்தாமல், நேர்கோட்டில் தேய்க்க வேண்டும். அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொள்ள வேண்டும். தரையில் விழுந்த கட்டி குப்பைக்கே. எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தும் சிக்கனசாலிக்குக் கீறல்கள் இலவசம். பழைய கீறலை இது போக்காது. இருந்த மெழுகையும் வழித்தெடுத்துவிடுவதால், புது மெழுகு பூசுவது கட்டாயம். அதன்பின் வண்டியை வெளியே எடுக்காமலிருப்பதே உத்தமம். எடுத்தால், அடுத்த கட்டிக்கான அழுக்கு அன்றே சேரத் தொடங்கிவிடும்.